இருதய ஒப்பரேஷனுக்குப் பின் வரும் வலி: சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு – ஏன்?



இருதய ஒப்பரேஷன் என்றாலே ஒரு காலத்தில் நம் லயங்களில் பெரிய பயம். "நெஞ்சைப் பிளந்தா ஆள் திரும்பி வருவானா?" என்றுதான் முதல் கேள்வி. இப்போது நம்மில் பலர் கொழும்புக்கோ கண்டிக்கோ போய் வால்வு மாற்றிக்கொண்டு, பைபாஸ் செய்துகொண்டு, நல்லபடியாகத் திரும்பி வருகிறார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வு கெட்டுப்போனவர்கள், சீனி வியாதியும் பிரஷரும் சேர்ந்து இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டவர்கள், பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டையுள்ள பிள்ளைகள் என்று பலவிதமானவர்கள் இந்தச் சிகிச்சைக்குப் போகிறார்கள்.

ஒப்பரேஷனைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைந்தாலும், அதற்குப் பின் வரும் வலியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "பக்கத்து வார்டுல படுத்திருந்தவர் மூணாம் நாளே நடந்தாரு, எனக்கு மட்டும் ஏன் இப்படி நோவுது? ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சோ?" என்று மனதுக்குள் வைத்துக் குமைகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் வலியை மறைத்து, மூச்சை அடக்கி, இருமாமல் இருந்து, அதனாலேயே சளிக் காய்ச்சல் பிடித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஆகவே இந்த இதழில் அந்த வலியைப் பற்றி விளக்கமாகப் பார்ப்போம். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இதை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

வலி எங்கே இருந்து வருகிறது?

"இருதயத்தைத்தானே வெட்டினாங்க, அதனாலே இருதயம் வலிக்குது" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒப்பரேஷனுக்குப் பின் வரும் வலியில் பெரும்பகுதி இருதயத்துக்குள் இருந்து வருவதில்லை. இருதயத்தைப் போய்ச் சேர்வதற்காகத் திறந்த வழியில் இருந்துதான் வருகிறது.

இருதயம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. டாக்டர்மார் அந்த நெஞ்செலும்பை நடுவில் நீளமாக அறுத்து, இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்கும் கருவியைப் போட்டு, பல மணி நேரம் வேலை செய்கிறார்கள். வேலை முடிந்ததும் எலும்பைச் சேர்த்து, துருப்பிடிக்காத கம்பிகளால் பல இடங்களில் இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பி ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். கை எலும்பு முறிந்தால் பத்துப் போட்டு அசையாமல் வைத்துக்கொள்ளலாம். நெஞ்செலும்பை அப்படி அசையாமல் வைக்க முடியாது. மூச்சு விடும்போதெல்லாம், இருமும்போதெல்லாம், புரண்டு படுக்கும்போதெல்லாம் அது அசையப் பார்க்கும். அதுதான் வலிக்கு முதல் காரணம்.

மற்றக் காரணங்கள் இவை:

- நெஞ்சை விரிக்கும்போது விலா எலும்புகளும், அவை முதுகெலும்போடு சேரும் மூட்டுகளும் இழுபடுகின்றன. அதனால்தான் வெட்டாத இடமான முதுகும், தோள்பட்டையும், கழுத்தும் வலிக்கின்றன. சிலருக்குத் தோளில் இருந்து கைக்குப் போகும் நரம்பும் இழுபட்டு, சுண்டு விரலும் மோதிர விரலும் சில வாரங்கள் மரத்துப் போனதுபோல இருக்கும்.

- இரத்தமும் நீரும் வடிவதற்காக விலாவுக்குக் கீழே குழாய்கள் வைத்திருப்பார்கள். அவை மூச்சு விடும்போது உள்ளே உரசிக் குத்தும். பெரும்பாலும் சில நாட்களில் கழற்றிவிடுவார்கள். கழற்றும் நேரம் ஒரு நிமிஷம் சுருக்கென்று வலிக்கும். பிறகு பெரிய நிம்மதி.

- பைபாஸ் செய்தவர்களுக்குக் காலில் இருந்து ஒரு இரத்தக் குழாயை எடுத்து இருதயத்தில் பொருத்துவார்கள். ஆகவே காலிலும் காயம் இருக்கும். சிலருக்கு நெஞ்சு ஆறிய பிறகும் கால்தான் அதிகம் உளையும், வீங்கும்.

- பைபாஸில் நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தில் ஓடும் இரத்தக் குழாயையும் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். அது நீண்ட காலம் நன்றாக வேலை செய்யும் குழாய். ஆனால் அதைப் பிரித்தெடுக்கும்போது பக்கத்தில் உள்ள சின்ன நரம்புகள் பாதிக்கப்படலாம். அதனால் இடது மார்புப் பக்கம் மரத்துப் போகும், அல்லது எரியும்.

- மயக்கத்தில் இருக்கும்போது மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைத்திருப்பார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் தொண்டை கரகரத்து வலிக்கும்.

நாள் போகப் போக வலி எப்படி மாறும்?

முதல் இரண்டு நாட்கள்தான் கடுமையானவை. அந்த நேரம் ஊசி மூலம் பலமான மருந்து கொடுப்பார்கள். குழாய்கள் கழற்றிய பிறகு வலி ஒரு படி இறங்கும். வீட்டுக்கு வரும்போது சும்மா படுத்திருந்தால் பெரிய வலி இருக்காது. எழும்பும்போதும், இருமும்போதும், தும்மும்போதும்தான் தெரியும். இருமும்போது வரும் வலிதான் எல்லாவற்றிலும் கூடியது என்று பெரும்பாலான நோயாளிகள் சொல்கிறார்கள்.

எலும்பு ஓரளவு ஒட்டுவதற்கு 6 முதல் 8 கிழமை ஆகும். நன்றாக உறுதிப்பட 3 மாதம் செல்லும். இதற்குள் ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் வலி இருப்பது சாதாரணம். நேற்றுக் கொஞ்சம் கூட நடந்திருந்தால் இன்றைக்குக் கூட வலிக்கலாம். ஒரு நாளோடு மறுநாளை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். போன கிழமையோடு இந்தக் கிழமையை ஒப்பிடுங்கள். கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

ஒரே ஒப்பரேஷன், வேறு வேறு வலி: காரணம் என்ன?

ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே விதமான ஒப்பரேஷன். ஆனாலும் இரண்டு பேருக்கு ஒரே அளவு வலி வருவதில்லை. "அவர் தைரியசாலி, இவர் பயந்தாங்கொள்ளி" என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற காரணங்கள் பல இருக்கின்றன. சில நம் கையில் இல்லை. சில நம் கையில்தான் இருக்கின்றன.

முதலாவது, ஒப்பரேஷனின் வகை. வால்வு மட்டும் மாற்றியவருக்கு நெஞ்சில் ஒரு காயம்தான். பைபாஸ் செய்தவருக்கு நெஞ்சோடு காலும் சேரும். இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்தவர்களுக்கும், நீண்ட நேரம் ஒப்பரேஷன் நடந்தவர்களுக்கும் வலி கூடலாம். நெஞ்சின் நடுவில் திறக்காமல், பக்கவாட்டில் விலா எலும்புகளுக்கு இடையால் செய்கிற ஒப்பரேஷனும் உண்டு. காயம் சின்னதாக இருந்தாலும் அங்கே விலா நரம்புகள் ஓடுவதால் ஆரம்ப நாட்களில் வலி குறைவு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, வயது. வயது குறைந்தவர்கள்தான் கூடுதலான வலியைச் சொல்கிறார்கள். வயதானவர்கள் குறைவாகச் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நம் தோட்டத்துப் பெரியவர்கள் வாழ்க்கை முழுக்க வலியைப் பொறுத்தே பழகியவர்கள். மலையில் அட்டை கடித்தாலும், முதுகு ஒடிந்தாலும், "என்ன செய்ய" என்று போனவர்கள். ஆகவே பாட்டி "ஒண்ணுமில்லடா" என்று சொன்னாலும் முகத்தைப் பாருங்கள். மூச்சை மேலோட்டமாக விடுகிறாரா, புரளாமல் ஒரே பக்கம் படுத்திருக்கிறாரா, சாப்பாடு வேண்டாம் என்கிறாரா என்று கவனியுங்கள்.

மூன்றாவது, பெண்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு வலி கூடுதலாகவும், கூட நாட்களுக்கும் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்கு ஒரு நேரடியான காரணமும் உண்டு. மார்பகங்களின் பாரம் காயத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். மென்மையான, கம்பியில்லாத, முன்பக்கம் கொளுவுகிற உள்சட்டையை இரவும் பகலும் போட்டுக்கொண்டால் அந்த இழுப்புக் குறையும். இதைப் பேச வெட்கப்பட வேண்டாம் அக்கா, தங்கச்சிமாரே. வார்டில் உள்ள தாதியிடம் கேளுங்கள்.

நான்காவது, ஏற்கனவே இருந்த வலி. பல வருஷம் கூடை சுமந்து கழுத்தும் இடுப்பும் தேய்ந்தவர்களுக்கு, முதலிலேயே முதுகு வலியும் மூட்டு வலியும் இருந்தவர்களுக்கு, ஒப்பரேஷனுக்குப் பின் வரும் வலியும் கூடுதலாகத் தெரியும். நீண்ட நாள் வலியைச் சுமந்த நரம்புகள், சின்ன வலியையும் பெரிதாகவே மூளைக்குச் சொல்லும். ஆகவே ஒப்பரேஷனுக்கு முன்பே, "எனக்கு இந்த இடத்தில் பழைய வலி இருக்கிறது, இந்த மாத்திரை குடிக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாவது, சுருட்டு, பீடி, சிகரட். புகைப்பவர்களுக்குச் சளி அதிகம். சளி அதிகமானால் இருமல் அதிகம். இருமல் அதிகமானால் நெஞ்செலும்பு ஒவ்வொரு தடவையும் அதிரும். வலி மருந்தும் கூட தேவைப்படும். எலும்பும் காயமும் ஆறுவதும் பிந்தும். ஒப்பரேஷனுக்குச் சில கிழமைகளுக்கு முன்பே விட்டுவிட்டால் அதன் பலன் உங்களுக்கே தெரியும். புகையிலை போட்டு வெற்றிலை மெல்வதையும் இதோடு விட்டுவிடுவது நல்லது.

ஆறாவது, சாராயமும் கசிப்பும். தினமும் குடிக்கிறவர்களுக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் வேலை செய்யும் விதம் மாறும். திடீரென்று குடி நின்றால் கை நடுக்கம், தூக்கமின்மை, மனக்குழப்பம் வரலாம். அது வலியையும் கூட்டும், உயிருக்கும் ஆபத்தாகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று முன்கூட்டியே உள்ளதைச் சொல்லுங்கள். டாக்டர் அதற்கு ஏற்றபடி பார்த்துக்கொள்வார். அவர் கேட்பது உங்களைக் குற்றம் சாட்ட அல்ல.

ஏழாவது, சீனி வியாதியும் உடற்பருமனும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயத்தில் கிருமி சேரும் வாய்ப்புக் கூடும். கிருமி சேர்ந்த காயம் கடுமையாக வலிக்கும். உடல் பருத்தவர்களுக்குக் காயத்தின் மேல் இழுப்புக் கூடும்.

எட்டாவது, மனம். இதைக் கடைசியில் சொன்னாலும் லேசாக எடுக்க வேண்டாம். பயமும் கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டுகின்றன. இது கற்பனை வலி அல்ல. வலி என்பது காயத்தில் இருந்து கிளம்பினாலும், அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும் இடம் மூளை. ரேடியோவின் சத்தத்தைத் திருகிக் கூட்டுவதுபோல, பயம் அதைக் கூட்டிவிடும். "என் பேரைச் செக்ரோலில் வெட்டிடுவாங்களோ, பிள்ளைகளுக்கு யார் சமைப்பா, கடன் எப்படிக் கட்டுறது" என்று படுக்கையில் யோசித்துக்கொண்டு இருப்பவருக்கு, காயம் சின்னதாக இருந்தாலும் வலி பெரிது. என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவருக்குப் பயம் பாதியாகும். இந்தக் கட்டுரையை எழுதும் நோக்கமும் அதுதான்.

வலியைப் பொறுத்துக்கொண்டால் நல்லதா?

இல்லை. இதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல விரும்புகிறோம். "வலியைச் சொன்னா வீட்டுக்கு விட மாட்டாங்க" என்று நினைத்து மறைக்கிறார்கள். "வலி மருந்து குடிச்சா அதுக்கே அடிமையாயிடுவோம்" என்று மாத்திரையைத் தலையணைக்குக் கீழே வைக்கிறார்கள். "பொறுத்தாத்தான் காயம் சீக்கிரம் ஆறும்" என்று சொல்லிக்கொடுக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். மூன்றும் பிழை.

வலி இருந்தால் ஆழமாக மூச்சு விட மாட்டீர்கள். ஆழமாக மூச்சு விடாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப் போகும். இருமாவிட்டால் சளி உள்ளேயே தேங்கும். தேங்கிய சளியில் கிருமி வளர்ந்து நியுமோனியாவாக மாறும். வலிக்கிறது என்று நடக்காமல் படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆக, வலியைக் குறைப்பது சொகுசுக்காக அல்ல. மூச்சு விடவும், இருமவும், நடக்கவும் முடியவேண்டும் என்பதற்காக. அதோடு, முதல் நாட்களில் வலியைச் சரியாக அடக்காமல் விட்டவர்களுக்குத்தான் மாதக் கணக்கில் வலி நீடிக்கும் வாய்ப்பும் கூடுதல்.

அடிமையாகும் பயத்தைப் பற்றி: ஆஸ்பத்திரியில் டாக்டரின் கண்காணிப்பில், சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கிற பலமான வலி மருந்தினால் அடிமையாவது அரிது. அந்த மருந்தினால் வருகிற சாதாரணமான தொல்லை மலச்சிக்கலும், குமட்டலும், தூக்கக் கலக்கமும்தான். அதையும் சொன்னால் பரிகாரம் உண்டு.

வலியை எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில், "0 முதல் 10 வரை எத்தனை?" என்று கேட்பார்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் இதைவிட மோசமான வலி இருக்க முடியாது. இதற்குப் பாஷை தேவையில்லை, விரலைக் காட்டினால் போதும். படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று இரண்டையும் காட்டுங்கள். படுத்திருக்கும்போது 2 என்று சொல்லிவிட்டு, இருமும்போது 8 இருப்பதை மறைத்தால் மருந்து போதாமல் போகும்.

வார்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால், சிங்களத்தில் "பப்புவ ரிதெனவா" என்றால் நெஞ்சு வலிக்கிறது என்று அர்த்தம். "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. இந்த இரண்டையும் போகுமுன் பாடம் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தெரிந்த டாக்டர் அல்லது தாதி இருந்தால், "நோவுது" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். நம் பேச்சிலே வலிக்கு எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒவ்வொரு தகவல் கொடுக்கும்.

- எரிவு, மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்பது: பெரும்பாலும் நரம்பு சம்பந்தப்பட்டது. இதற்கு வேறு வகை மாத்திரை இருக்கிறது.
- உளைச்சல், கடுப்பு, பிடிப்பு: தசையும் மூட்டும். சரியாகப் படுப்பதும், தோளை மெதுவாக அசைப்பதும் உதவும்.
- மூச்சை இழுக்கும்போது குத்து: நுரையீரலை அல்லது இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இருக்கலாம். டாக்டர் பார்க்க வேண்டும்.
- விண் விண் என்று தெறித்தல், சூடு, சிவப்பு: கிருமி சேர்ந்திருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.
- இறுக்கம், பாரம், நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் அமுக்கம்: ஒப்பரேஷனுக்கு முன் இருந்த அதே வலி மாதிரி இருந்தால் தாமதிக்கவே கூடாது.

லயத்துக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரிக் கட்டில் வேறு, நம் வீடு வேறு. கொடுத்தனுப்புகிற துண்டுக் காகிதத்தில் நம் வீட்டுப் படிக்கட்டும் அடுப்பும் இருக்காது. அதனால் சில காரியங்களை நம் நிலைமைக்கு ஏற்றபடி சொல்கிறோம்.

பயணம்: கொழும்பில் இருந்து மலையேறி வர 5, 6 மணி நேரம் செல்லும். புறப்படும் முன் வலி மாத்திரையைக் குடித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் குலுக்கல் குறையும். வாகனத்தின் பெல்ட்டையும் அதன் மேலாகவே போடுங்கள். இடையிடையே நிறுத்தி இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். தோட்டத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

தலையணை: அந்தத் தலையணை வீட்டிலும் பக்கத்திலேயே இருக்கட்டும். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அழுத்திக்கொள்ளுங்கள். மடித்த துவாய் என்றாலும் பரவாயில்லை. காசு செலவில்லாத இந்த வலி மருந்து இருமும்போது பெரிய உதவி.

படுக்கை: பாயில் தரையில் படுத்தால் எழும்பும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழும்ப வேண்டும். அப்படி ஊன்றினால் நெஞ்செலும்பு இழுபடும். முதல் இரண்டு மாதத்துக்கு எப்படியாவது ஒரு கட்டிலை ஒழுங்கு செய்யுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுங்கள். எழும்பும்போது காலைக் கீழே தொங்கப் போட்டு, கால் பலத்தால் எழும்ப வேண்டும். வீட்டார் உதவும்போது கையைப் பிடித்து இழுக்கவோ, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கவோ கூடாது. முதுகுக்குப் பின்னால் கைவைத்துத் தாங்குங்கள்.

சுமை: குறைந்தது 6 முதல் 8 கிழமைக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி, விறகுக் கட்டு, அரிசி மூட்டை, ஓடிவந்து இடுப்பில் ஏறப் பார்க்கிற பேரப்பிள்ளை, எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பிள்ளையை உட்கார்ந்த இடத்தில் மடியில் வைத்துக் கொஞ்சலாம். கைகளை அசைக்காமல் கட்டி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தலை சீவுவது, சட்டை போடுவது போன்ற லேசான அசைவு தோள்ப் பிடிப்பைக் குறைக்கும்.

அடுப்பு: விறகுப் புகை இருமலைக் கிளப்பும். இருமல் வலியைக் கிளப்பும். நோயாளி படுக்கும் இடத்துக்குப் புகை வராமல் பாருங்கள். சமைக்கும் நேரம் ஜன்னல் கதவைத் திறந்து விடுங்கள். வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரட் குடிக்க வேண்டாம்.

குளிர்: குளிரில் தசை இறுகும், நடுக்கம் நெஞ்சை இழுக்கும். போர்வையும் பெனியனும் இருக்கட்டும். ஆனால் காயத்தின் மேல் தைலமோ, எண்ணெயோ, மஞ்சளோ, பச்சிலையோ தடவ வேண்டாம். முதுகிலும் தோளிலும் தடவலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மலச்சிக்கல்: முக்கினால் நெஞ்சு வலிக்கும், இருதயத்துக்கும் கஷ்டம். பப்பாசி, வாழைப்பழம், மரக்கறி சேர்த்துக்கொள்ளுங்கள். இருதய பலவீனத்துக்காகத் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். குந்தி எழும்பக் கஷ்டமானவர்களுக்கு, நடுவில் ஓட்டை வெட்டிய கதிரையை மலகூடத்தில் வைத்துக் கொடுத்தால் பெரிய உபகாரம்.

நடை: முதலில் ஐந்து நிமிஷம், சமமான இடத்தில். லயத்து முற்றம், கோயில் வாசல், பெரட்டுக்களம் போன்ற இடங்கள் நல்லது. படிக்கட்டும் ஏற்றமும் பிறகு. மாத்திரை குடித்து அரை மணி, முக்கால் மணி கழித்து நடந்தால் வலி தெரியாது.

வலி மாத்திரையில் கவனம்

வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் பரசிட்டமோல், அதாவது நாம் பனடோல் என்று சொல்கிற மாத்திரைதான் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்துக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடாது. உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், ஈரல் பழுதானவர்கள், அதிகம் குடித்துப் பழகியவர்கள் இதைவிடக் குறைத்துத்தான் குடிக்க வேண்டும். அளவை டாக்டரிடம் கேளுங்கள். நம் தோட்டங்களில் 50 கிலோவுக்குக் குறைந்த தாய்மார் பலர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். தடிமலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகள் சிலவற்றிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் அளவு மீறிப் போகும்.

டைக்ளோபினக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளையும் ஊசிகளையும் நீங்களாக எடுக்கவே கூடாது. இவை பைபாஸ் செய்தவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் ஆகிய ஆபத்துகளைக் கூட்டும். செயற்கை வால்வு பொருத்தி, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிக்கிறவர்களுக்கு இரத்தக் கசிவை உண்டாக்கும். "பக்கத்து வீட்டு மாமா இடுப்பு வலிக்குக் குடிச்ச மாத்திரை, நல்லாக் கேட்டுச்சு" என்று யாராவது கொடுத்தால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். வார்பரின் குடிக்கிறவர்கள் பரசிட்டமோலைப் பல நாள் தொடர்ந்து குடிப்பதாக இருந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, கஷாயம் எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது. கீரை சாப்பிடுவதையும் ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அளவு அஸ்பிரின் கொடுத்திருந்தால் அது வலிக்காக அல்ல, குழாய் அடைக்காமல் இருப்பதற்காக. "இப்ப வலி இல்லையே" என்று அதை நிறுத்திவிட வேண்டாம்.

இந்த வலிகளை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்

- குறைந்து வந்த வலி திரும்பக் கூடினால்.
- நெஞ்செலும்பு அசைவதுபோல, "டக் டக்" என்று சத்தம் கேட்டால் அல்லது உணர்ந்தால்.
- காயத்தில் சிவப்பு, சூடு, சீழ், நாற்றம், வாய் பிளப்பது, காய்ச்சல்.
- படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சுக் குத்தும் காய்ச்சலும். இது சில கிழமை கழித்தும் வரலாம்.
- ஒரு கால் மட்டும் கெண்டைக்காலில் வீங்கி வலித்தால்.
- நெஞ்சில் அமுக்கம், மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, மயக்கம்.

முதல் ஐந்தும் என்றால் அன்றைக்கே தோட்ட வைத்தியரிடமோ கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது என்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு பிரிவு, லயம், வாகனம் வரக்கூடிய பாதை என்பவற்றையும் சொல்லுங்கள். ஒருவரை ரோட்டுச் சந்திக்கு அனுப்பி வையுங்கள். கிளினிக் கொப்பியும் குடிக்கிற மாத்திரைகளும் ஒரே பையில் இருந்தால் அவசரத்தில் தேட வேண்டி வராது.

மூன்று மாதம் தாண்டியும் வலித்தால்?

இப்படி ஆவது அபூர்வம் அல்ல. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் 6 மாதத்தில் ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் வலி இருந்திருக்கிறது. இரண்டு வருஷம் கடந்தும் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் அது லேசான வலிதான். ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிற, வேலையைத் தடுக்கிற வலி என்றால், "இனி இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். கம்பி உறுத்துகிறதா, எலும்பு ஒட்டாமல் இருக்கிறதா, நரம்பு வலியா என்று பார்த்து அதற்கேற்ற சிகிச்சை செய்யலாம்.

ஒப்பரேஷனுக்குப் பின் சிலருக்கு மனம் சோர்ந்துபோகும். காரணமில்லாமல் அழுகை வரும், பேசப் பிடிக்காது, எதிலும் பற்றில்லாமல் போகும். மனச்சோர்வும் வலியும் ஒன்றையொன்று வளர்க்கும். இது பேய் பிடித்ததோ செய்வினையோ அல்ல. வைத்தியம் உள்ள நோய். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்புவது

காசுக் கஷ்டத்தால் ஒன்றரை மாதத்திலேயே கூடையை எடுக்க நினைப்பவர்கள் உண்டு. கொழுந்து நிறைந்த கூடையின் கயிறு தலையில் இருந்தாலும், பாரம் கழுத்தையும் தோளையும் நெஞ்சையும் பின்னுக்கு இழுக்கும். கவ்வாத்துக் கத்தி வீசுவதும், மண்வெட்டி பிடிப்பதும், தொழிற்சாலையில் சாக்குத் தூக்குவதும் அதைவிடக் கடுமை. இவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும். சரியான நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது, நீங்கள் செய்யும் வேலை என்ன, எவ்வளவு பாரம், எத்தனை படி ஏற வேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள். "தோட்ட வேலை" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பூந்தோட்டம் மாதிரிகூடத் தோன்றலாம். லேசு வேலை தேவை என்று எழுத்தில் கடிதம் வாங்கி, தோட்ட வைத்தியரிடமும் கந்தோரிலும் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வார்பரின் குடிப்பவர்கள் கத்தி வேலையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். சின்ன வெட்டும் அதிகமாக இரத்தம் வடியும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நோயாளிக்கு எவ்வளவு வலி என்று அவருக்குத்தான் தெரியும். "இன்னுமா நோவுது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இப்ப எத்தனை, பத்திலே?" என்று கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு, காலையும் மாலையும் அந்த எண்ணை எழுதி, குடித்த மாத்திரையின் நேரத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையால் இதைச் செய்ய முடியும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியை டாக்டர் முன்னால் திறந்து வையுங்கள். வலி குறைகிறதா, எப்போது கூடுகிறது, மருந்து போதுமா என்று அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்வார்.